வேலிக்கதவு நமெட்சோ

நமெட்சோவை எங்கள் பக்கத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நேரில் பார்த்தால் ‘ஏம்மா’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘கறிபிடுங்கி’. அது அவளுக்கும் தெரியும். ஒருநாள் மினிபஸ் டிரைவர் ஒருவன் வண்டிக்குள் திரும்பி, “எல்லாரும் இறங்குங்க, கறிபிடுங்கி வர்றா” என்று சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். சீட்டுக்கு அடியில் கோணியில் சுற்றி வைத்திருந்த தொடைக்கறியை இழுத்து மணலில் போட்டாள்.

“பேரு வெச்சாச்சு. அப்புறம் அதுக்கு ஏத்த மாதிரி நடந்துக்கணும்ல தம்பி?” என்றாள்.

மொருலானே கதவில் அவளோடு பல வருஷம் வேலை பார்த்தவன் நான். அவளுக்குக் கதவு, எனக்கு வேலி. கழுதையில் ஏறி வேலி ஓரமாகவே போய், யானை சாய்த்த கம்பத்தை நிமிர்த்தி, அறுந்த கம்பியை முறுக்கிவிட்டு வருவது என் பாடு. எங்களுக்கு வடக்கே ஆறு விரிந்து சதுப்பாகி, சரணாலயம் தொடங்கிவிடும். காட்டெருமை, யானை, சிங்கம் எல்லாம் அந்தப் பக்கம். தெற்கே எங்கள் ஊர்களும் மாட்டுப்பட்டிகளும். காட்டெருமையின் உடம்பில் கோமாரி குடியிருக்கும், அதை ஒன்றும் செய்யாது. அதே நோய் மாட்டுக்கு வந்தால் வாயும் குளம்பும் புண்ணாகி, ஒரு பட்டியிலிருந்து அடுத்த பட்டிக்குத் தாவும்; அப்புறம் போட்ஸ்வானா மாட்டுக்கறியை வெளிநாட்டில் ஒருவனும் வாங்க மாட்டான். அதனால்தான் நடுவில் இரட்டை வேலி. அதில் ஒரு கதவு. அந்தக் கதவில் நமெட்சோ.

வடக்கிலிருந்து வருகிற வண்டி மருந்துத் தண்ணீர்ப் பள்ளத்தில் இறங்கி ஏற வேண்டும். ஆட்கள் இறங்கி, சலவைச் சோடாக் கரைசலில் நனைத்த சாக்கை மிதித்துவிட்டு நடக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கிற செருப்பையும் எடுத்து மிதிக்க வைப்பாள். பச்சைக் கறியும் பச்சைப் பாலும் தாண்டக் கூடாது. பிடிபட்டால் குழியில் போட்டு எரிப்போம். இதற்குப் பயந்து ஜனங்கள் செய்த தந்திரம் கொஞ்சமல்ல. குழந்தையை முதுகில் கட்டுவதுபோல ஆட்டுத் தொடையைப் போர்வையில் கட்டிக்கொண்டு ஒருத்தி வந்தாள். நமெட்சோ அந்த முதுகைத் தட்டிக் கொடுத்து, “பிள்ளை சில்லுன்னு இருக்கே, காய்ச்சல் விட்டுடுச்சா?” என்று கேட்டாள்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் ஒரு லாரி வந்தது. சதுப்போரத்துக் கிராமத்துச் சபையின் பாட்டுக் குழு. பச்சையும் வெள்ளையுமாகச் சீருடை, மார்பில் நட்சத்திரம். நகரத்தில் பெரிய கூட்டமாம், மூன்று நாள் பாட்டும் ஜெபமும். போதகர் கோபமாங் முன்சீட்டிலிருந்து இறங்கி, எல்லோருக்கும் முன்னால் சாக்கை மிதித்து, நல்ல பிள்ளையாக நின்றார். லாரியின் பின்பக்கம் ஒரு பருத்த அம்மாள் மட்டும் இறங்கவில்லை.

“முட்டி வலி தாயி. ஏறினா இறங்க முடியாது, இறங்கினா ஏற முடியாது” என்றாள்.

நமெட்சோ அந்த அம்மாளையும், அவள் உட்கார்ந்திருந்த மூட்டையையும் பார்த்தாள். மூட்டையைச் சுற்றி ஈ.

“பரவாயில்லம்மா, உக்காருங்க. வெயில் ஏறட்டும். முட்டி முந்துதா, மூட்டை முந்துதான்னு பாக்கலாம்.”

லாரியில் வந்தவர்கள் சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாளின் வெள்ளைப் பாவாடையில் சிவப்பாக ஊறத் தொடங்கியது. அவளே பார்த்துவிட்டு, “ஐயோ, என் சீருடை!” என்று துள்ளி எழுந்தாள். முட்டி வலி எங்கே போனதோ தெரியவில்லை. மூட்டைக்குள் அறுத்த ஆடுகள், சபைக்கே ஆக்கிப் போடும் அளவுக்கு.

போதகர் முன்னால் வந்தார். “ஏம்மா, இது கர்த்தரோட காரியத்துக்கு எடுத்துக்கிட்டுப் போற கறி.”

“கர்த்தர் வேலிக்கு வடக்க இருந்து வந்தாருன்னா அவரும் சாக்கை மிதிச்சுட்டுத்தான் போகணும் போதகரே. கறிக்குக் குழி அங்க இருக்கு.”

விடியுமுன் கிளம்பி வந்த ஜனம், பிள்ளைகள் வேறு. நான் மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்துவிட்டேன். நமெட்சோ மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தாள், தூக்காமல் அப்படியே நின்றாள். பிறகு கேட்டாள்:

“பானை கொண்டு வந்திருக்கீங்களா?”

“கூட்டத்துக்கு ஆக்கணுமே, நாலு பெரிய பானை இருக்கு” என்றார் போதகர்.

“பச்சைக் கறிதான் போகக் கூடாது. வெந்தது போகலாம். வண்டியைப் பின்னால எடுங்க. அந்தப் பக்கமே அடுப்பை மூட்டுங்க. எலும்புல இருந்து கழண்டு விழற வரைக்கும் வேகணும், நான் வந்து பாப்பேன்.”

மோபானி விறகுக்கு எங்களிடம் குறைவே இல்லை, யானைகள் ஒடித்துப் போட்டதே மலைபோல் கிடந்தது. மூன்று கால் இரும்புப் பானைகளை வரிசையாக வைத்து, உப்பும் தண்ணீரும் ஊற்றி ஏற்றினார்கள். எங்கள் வழக்கப்படி கறியை வேகவைத்து இடிப்பது ஆண்களின் வேலை. போதகரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு உலக்கையைப் பிடித்தார்.

பருத்த அம்மாள் இப்போது நமெட்சோ பக்கம் சாய்ந்துவிட்டாள். “பிரசங்கம் பண்றப்ப இந்த வேகம் வந்தா எங்களுக்குத் தூக்கம் வருமா?” என்றாள்.

“இடிக்கிறவனைப் பேச வைக்காதீங்க, பானைக்குள்ள எச்சில் விழும்” என்றார் போதகர்.

பானை வேகும்வரை சும்மா இருப்பானேன் என்று பாடத் தொடங்கினார்கள். ஆண்குரல் அடியில் நிற்க, பெண்குரல் மேலே ஏறியது. மரங்களின் விளிம்பில் ஏழெட்டு யானைகள் வந்து காதை விரித்து நின்றன. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, தங்களுக்கு இது சரிப்படாது என்பதுபோல் சத்தமில்லாமல் திரும்பிப் போயின. பின்னால் வந்து நின்ற வண்டிக்காரர்களும் இறங்கி, தங்களிடம் ஒளித்து வைத்திருந்த துண்டுகளைத் தாங்களாகவே கொண்டுவந்து பானையில் போட்டார்கள். சாயங்காலம் லாரி கிளம்பியபோது எங்கள் இரண்டு பேருக்கும் வயிறு நிறைந்திருந்தது.

அன்றிலிருந்து அந்த அடுப்பு அணையவில்லை. நமெட்சோ தன் பானை ஒன்றையும் அங்கே வைத்துவிட்டாள். வடக்கிலிருந்து வருகிறவர்கள் காலையிலேயே வந்து, வேகவைத்து, உட்கார்ந்து கதை பேசிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். மேலதிகாரி ஒருநாள் ஜீப்பில் வந்தார். அடுப்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். யாரோ ஒரு தட்டை நீட்டினார்கள். சாப்பிட்டு முடித்துவிட்டு, “எலும்பை மட்டும் குழியில போட்டு எரிச்சுடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கேட்டவர்களிடம், “என் கதவுல நிக்காம போறவன் ஒருத்தன் வரட்டும்” என்பாள். தகரக் கூரை அறை, வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான் வீடு. காலையில் கதவைத் திறந்ததும் முதலில் மணலைப் பார்ப்பாள். சிங்கத்தின் கால்தடம் வாசல்வரை வந்து திரும்பியிருக்கும். அதைப் பெருக்கிவிட்டுத் தேநீர் போடுவாள். ஆனால் முதல் மழை விழுந்து தெற்கே புல் முளைக்கும்போது அவள் முகம் மாறிவிடும். வரிக்குதிரைகள் மந்தையாக வேலியோரம் வந்து நிற்கும். புல் வாசனை இந்தப் பக்கம், அவை அந்தப் பக்கம். குட்டிகள் கம்பியில் மூக்கை வைத்து அழுத்தும். “இந்த வேலியைப் போட்டவன் ஒருநாள் இங்க வந்து நின்னு பாக்கணும் டிட்டிரோ” என்பாள் என்னிடம். கொஞ்சம் கழித்து, “மாடு சாகறதையும் பாக்கணும்” என்று சேர்த்துக்கொள்வாள்.

அவளுடைய அண்ணன் ஒலேபிலேயின் மாட்டுப்பட்டி கதவிலிருந்து தென்மேற்கே அரை நாள் நடை. அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அவர்தான் அவளை வளர்த்தார். தான் பள்ளிக்கூடத்தை விட்டு மாட்டோடு போய், மாட்டை விற்று அவளைப் படிக்க வைத்தவர். விடுமுறை கிடைத்தால் அவள் போகிற இடம் அது ஒன்றுதான்.

ஒரு வருஷம் மழைக்கு முந்தின அக்டோபர் வெயில் பொறுக்க முடியாமல் இருந்தது. வடக்கே குட்டைகள் வற்றி, யானைகள் தண்ணீர் வாசனைக்கு வேலியை மிதித்துக்கொண்டு வந்தன. நான் ஒரு பக்கம் கம்பி கட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பக்கம் கம்பம் சாயும். அந்தச் சமயத்தில்தான் நமெட்சோ அண்ணன் பட்டிக்குப் போயிருந்தாள்.

விடிந்ததும் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்தாள். தண்ணீர்த் தொட்டியில் மாடுகள் குடித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, தோளோடு தோள் உரசிக்கொண்டு, இரண்டு கிழட்டுக் காட்டெருமைகள். குடித்த வாயில் தண்ணீர் ஒழுகியது. ஒரு கன்று அந்த மூக்கை முகர்ந்து பார்த்தது. அண்ணன் ஏற்கெனவே எழுந்து வந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கல்லை எடுத்து எறிந்தார். எருமைகள் அவசரமே இல்லாமல் முள்மரங்களுக்குள் போயின.

“இது எத்தனை நாளா அண்ணே?” என்று கேட்டாள்.

“இன்னைக்குத்தான்.”

“அண்ணே.”

“நீ லீவுல இருக்க. லீவுல இருக்கறவளுக்குக் கண்ணு கிடையாது. தேநீரைக் குடி.”

அவள் குடிக்கவில்லை. “நான் போய்ச் சொல்லணும். உன்கிட்ட சொல்லாம போகக் கூடாதுன்னுதான் நிக்கிறேன்.”

“ஒரு மாட்டுக்காவது வாயில நுரை இருக்கா, பாரு. ஒண்ணாவது நொண்டுதா? ஒண்ணுமில்லாததுக்குப் போய் ஊரைக் கூட்டப் போறியா?”

“ஒண்ணுமில்லேன்னா அவங்களே பாத்துட்டுப் போயிடுவாங்க.”

“போக மாட்டாங்க. உனக்கே தெரியும்.” அவர் கையை நீட்டி மாடுகளைக் காட்டினார். “உன்னைப் படிக்க வெச்சது இதுங்க. அந்த வேலை உனக்குக் கிடைச்சதே இதுங்களால.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா போற?”

அவள் கோப்பையைச் சுவர்மேல் வைத்துவிட்டு நடந்தாள். மதியத்துக்கு மேல் மணலோடு மணலாகக் கதவுக்கு வந்து சேர்ந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, தண்ணீர் குடித்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். நான் வயர்லெஸ்ஸை எடுத்தேன்.

“நான் பேசட்டுமா அக்கா?”

“வேணாம். என் அண்ணன் பட்டி. என் வாயாலயே போகட்டும்.”

மாட்டு டாக்டர்கள் வந்தார்கள். பட்டியைச் சுற்றிக் காவல் போட்டார்கள். முதலில் ஒன்றும் இல்லை. அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்காட்டினார். ஒரு வாரம் கழித்து அந்தக் கன்று பால் குடிக்கவில்லை. வாயைத் திறந்தால் நாக்கு முழுக்கக் கொப்புளம். அடுத்து அதன் தாய். அதற்கு மேல் பேச எதுவும் இல்லை. அந்தத் தொட்டியில் குடித்த எல்லா மாட்டையும் சுட்டுப் புதைப்பது என்று முடிவாயிற்று.

சுடுகிற அன்று போக வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். “அது எங்க வீட்டு மாடு” என்று மட்டும் சொன்னாள். நானும் கூடப் போனேன்.

குழி தோண்டி, அதன் பக்கத்தில் கம்பிக் கூண்டு கட்டியிருந்தார்கள். வெள்ளை உடுப்பு ஆட்கள் மாடுகளைக் கூண்டுக்குள் ஓட்டப் பார்த்தார்கள். புது ஆள், புது வாசனை, அவை மிரண்டு சிதறின. ஒருவன் தடியை ஓங்கினான். நமெட்சோ போய் அவன் கையைப் பிடித்தாள். கூண்டு வாசலில் நின்று முன்னேர் எருதைக் கூப்பிட்டாள். சிவப்பும் வெள்ளையும் கலந்த எருது, பெயர் தமாஹா. அது தலையைத் தூக்கிப் பார்த்தது, இரண்டடி வந்தது, நின்றுவிட்டது.

அண்ணன் அதுவரை குடிசைக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இப்போது வெளியே வந்தார்.

“அப்படிக் கத்தினா பயப்படும்” என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

கூண்டு வாசலின் மறுபக்கம் போய் நின்று, நாக்கை மடக்கி மெல்லச் சீட்டியடித்தார். தமாஹா நேராக நடந்து வந்து அவர் கையை நக்கிவிட்டு உள்ளே போனது. அதன் பின்னால் மற்றவை வந்தன. அண்ணன் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தங்கை மறுபக்கம் நின்று, விலகப் பார்த்தவற்றைக் கழுத்தில் கைவைத்துத் திருப்பினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கடைசிக் கன்றும் உள்ளே போனதும் அவர் வாசலைக் கட்டினார்.

“நீ போ” என்றார்.

அவள் வந்துவிட்டாள். வெடிச்சத்தம் கேட்டபோது நாங்கள் பாதி வழியில் இருந்தோம். அவள் நடையை நிறுத்தவில்லை, வேகப்படுத்தவும் இல்லை.

நோய் அந்தப் பட்டியோடு நின்றது. பக்கத்துப் பட்டிகள் தப்பின. ஆனால் தப்பியவர்கள் யாரும் வந்து அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர்க் குழாயடிக்கு அவள் போனால் பெண்கள் வாளியை நகர்த்திக்கொண்டார்கள். அரசாங்கம் ஈடு கொடுத்தது. அண்ணன் முதலில் ஆடு வாங்கினார், மெல்ல மெல்லப் பசுக்களும் சேர்ந்தன. தங்கையின் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாராம். ஒருநாள் நான் கேட்டேன், அன்றைக்குச் சும்மா இருந்திருக்கலாமோ என்று தோன்றுகிறதா என்று.

“தப்புப் பண்ணலை டிட்டிரோ. ஆனா நல்லது பண்ணின மாதிரியும் தோணலை” என்றாள். பிறகு வண்டி வந்தது, எழுந்து போனாள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஒரு குளிர்காலக் காலையில், வெள்ளம் வந்து சதுப்பெல்லாம் பச்சை பிடித்திருந்த சமயம், தெற்கிலிருந்து வந்த மினிபஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். ஒலேபிலேயின் மகள் செதூன்யா. நகரத்தில் நர்ஸ் வேலை. தெற்கிலிருந்து வந்தவள் சாக்கை மிதிக்க வேண்டியதே இல்லை, இருந்தும் மிதித்துவிட்டு வந்தாள்.

“அத்தை, என்னைக் கேட்டு வந்திருக்காங்க.”

“யாரு?”

“பையன் லாரி மெக்கானிக். நல்லவன்தான், காது மட்டும் கொஞ்சம் பெருசு.”

“காது பெருசா இருந்தா நீ சொல்றதாவது கேக்கும்.”

செதூன்யா சிரித்தாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். எங்களில் பெண்ணின் அத்தை இல்லாமல் எதுவும் நடக்காது. அண்ணன் எங்கோ தூரத்து ஒன்றுவிட்ட சகோதரியைக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறார். பையன் வீட்டுப் பெரியவர்கள், சொந்த அத்தை உயிரோடு இருக்கும்போது இது யார் என்று கேட்டுவிட்டார்கள்.

“நீ வரலேன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல. ஷூவைத் துடைச்சுக்கிட்டு இருந்தார்.”

“என்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாரா?”

“கூட்டிட்டு வராதேன்னும் சொல்லல அத்தை.”

நமெட்சோ வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “அது போதும்” என்றாள் கடைசியில்.

பரிசமாடுகள் வருகிற நாளுக்கு முந்தின இரவே நமெட்சோ, பெண்கள் இதற்கென்று தோளில் போர்த்துகிற கம்பளியை ஊக்கால் குத்தி, தலையில் துணி கட்டிப் புறப்பட்டாள். என் கழுதை வண்டியில்தான் கூட்டிப்போனேன். பொழுது விடிகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். பையன் வீட்டார் ஓட்டிவந்த மாடுகள் பட்டியில் நின்றன. ஆண்கள் சுற்றி நின்றார்கள். அவள் உள்ளே வந்ததும் எல்லோரும் திரும்பினார்கள். ஒலேபிலேக்குத் தலை நன்றாக நரைத்திருந்தது. தங்கையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மாடுகளின் பக்கம் தாடையைக் காட்டினார்.

“வாயைத் திறந்து பாரு. அதுலதானே நீ கெட்டிக்காரி.”

கேலியா, குத்தலா, அழைப்பா, எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. நமெட்சோ கம்பளியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். முதல் மாட்டின் மூக்கைப் பிடித்து, வாயைத் திறந்து, நாக்கை இழுத்துப் பார்த்தாள். அடுத்தது. அதற்கடுத்தது. எச்சில் முழங்கைவரை வழிந்தது. வரிசையின் கடைசியில் நின்ற கறுப்புப் பசுவிடம் மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

“நோய் எதுவும் இல்ல. ஆனா இது கிழவி. பல்லு தேஞ்சு ஈறுதான் இருக்கு. மாத்திக் கொடுக்கச் சொல்லு.”

பையனின் தாய்மாமன் கையை உயர்த்திக்கொண்டு குதித்தார். “பொண்ணு கேக்க வந்தா பல்லை எண்றாங்கய்யா! அடுத்து மாப்பிள்ளை வாயையும் திறக்கச் சொல்வீங்களா?”

“வேணாம், காதைப் பாத்தாலே போதும்” என்றாள் நமெட்சோ.

முதலில் சிரித்தது ஒலேபிலேதான். சிரிக்க ஆரம்பித்து, இருமலாகி, வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். அவள் போய் முதுகைத் தட்டினாள். அவர் கையைத் தள்ளவில்லை. கறுப்புப் பசு திரும்பிப் போய், மத்தியானத்துக்குள் இளம் பசு ஒன்று வந்து சேர்ந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நமெட்சோ அண்ணன் வீட்டு வளவிலேயே ஓர் அறை கட்டிக்கொண்டாள். சோளமும் தர்ப்பூசணியும் போடுகிறாள். களியில் உப்பு கூட, உப்பு குறைச்சல் என்று இருவருக்கும் தினமும் சண்டை. அந்தக் கூண்டு கட்டிய நாளைப் பற்றி மட்டும் அவர்கள் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை என்று செதூன்யா சொன்னாள்.

போன மாதம் நான் போயிருந்தபோது அவரைக்காயை உரித்துக்கொண்டிருந்தாள். மழை சரியாக இல்லை, யானைகள் மறுபடி வேலியை மிதிக்கின்றன என்றேன். எந்தப் பக்கம், எத்தனை கம்பம் என்று கேட்டாள். சொன்னேன். அண்ணன் உள்ளேயிருந்து, “அவனைச் சாப்பிட விடு, வந்ததும் வராததுமா வேலைக்கு அனுப்பாதே” என்று சத்தம் போட்டார். நாங்கள் உள்ளே போனோம்.